புகார் இல்லாத ஊருக்கு ஒரு கேடயம்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சூலூரை அடுத்த சின்னக்கரட்டுப்புதூர் சமுதாயக் கூடத்தில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கான விழிப்புணர்வு விழா நடந்தது. மேடையில் பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. குழந்தைகள் உட்கார இடம் போதவில்லை.

மைக் செட்டும் ஷாமியானாவும் நாற்காலிகளும் சென்னகேசவனுடையவை. ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கிலும் ‘சைதன்யா சவுண்ட்ஸ்’ என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கும். சைதன்யா அவருடைய மகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பிறந்த வருஷம் வாங்கிய பெட்டிகள் அவை.

மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபையரை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தே சென்னகேசவன் தன் வயதில் பாதியைக் கழித்துவிட்டார். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யார் மைக்கைக் கடிப்பார், யார் எட்ட நிற்பார், யார் நடுவில் இருமுவார் என்பதுதான் தெரியும். நிகழ்ச்சி நிரலும் மனப்பாடம். குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை, தலைமையுரை, மறுபடி பொன்னாடை, சிறப்புரை. கடைசியாக ‘குழந்தைகளின் குரல்’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது வருவதற்குள் சிறப்பு விருந்தினருக்குப் பல்லடத்தில் இன்னொரு விழா இருக்கும். தேசிய கீதம் பாடிவிடுவார்கள்.

விழாவை நடத்தியது ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. தலைவர் ஸ்ரீனிவாஸ், நூல் மில் வைத்திருப்பவர். செயலாளர் நாச்சியம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இருவரும் நல்லவர்கள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. கோயமுத்தூரில் இயங்கும் குழந்தைகள் நலக் கூட்டமைப்பு ஒன்று ஆண்டுதோறும் தரும் ‘புகாரில்லா ஊர்’ கேடயத்தை இந்தக் குழு இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கியிருந்தது. மூன்றாவது முறையும் வாங்கினால் கேடயம் ஊருக்கே சொந்தம். அதை வைக்க ஸ்ரீனிவாஸ் தம் மில் ஆபீசில் கண்ணாடி அலமாரி செய்து வைத்திருந்தார். கேடயத்துக்கு ஒரே தகுதிதான். ஓராண்டில் ஒரு புகாரும் வந்திருக்கக் கூடாது.

கூட்டமைப்பிலிருந்து வந்த மௌனிகா மேடம் நன்றாகப் பேசினார். மைக்கிலிருந்து சரியான தூரத்தில் நின்றார். “செல்லங்களா, உங்களுக்குப் பிடிக்காத மாதிரி யார் நடந்துக்கிட்டாலும் பயப்படாம உடனே சொல்லணும். பெரியவங்க நாங்க எதுக்கு இருக்கோம்? கேக்கறதுக்குத்தானே?” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்து ரவிதேஜா மாஸ்டருக்குப் பொன்னாடை. குழுவின் தற்காப்புப் பயிற்சியாளர் அவர். செவ்வாயும் சனியும் இந்த ஊரிலும், மற்ற நாட்களில் சுற்றுவட்டாரத்திலும் வகுப்பு எடுப்பவர். வெள்ளை உடுப்பில் நின்ற குழந்தைகளை வைத்து, கெட்டவன் கையைப் பிடித்தால் எப்படி உதறுவது என்று காட்டினார். வரிசையில் சைதன்யாவும் நின்றாள். மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் ஸ்ரீனிவாஸ், நாச்சியம்மாள், மாஸ்டர் ஆகியோரின் படங்கள் பெரிதாக இருந்தன. 1098 என்ற உதவி எண் அடியில் இருந்ததால் விருந்தினர் நாற்காலிகளின் முதுகு மறைத்துவிட்டது.

அந்தக் கூடத்தில் மௌனிகா மேடத்தின் பேச்சை மெய்யென்று எடுத்துக்கொண்டது சைதன்யா ஒருத்திதான். சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பச் சொன்ன அம்மாவிடம், போகமாட்டேன் என்றாள். ஏன் என்றும் சொன்னாள். சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. வகுப்பு முடிந்த பிறகு மாஸ்டர் அவளை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார், வீட்டில் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார், இது பல நாளாக நடந்திருக்கிறது என்பது போதும்.

சென்னகேசவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ராமாமணி வாசலிலேயே நின்றாள். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. இனிமேல் அந்த வகுப்புக்குப் பிள்ளை போகமாட்டாள் என்று அவள் தெலுங்கில்தான் சொன்னாள். பீஸ் ஏற்றிவிட்டார்களா என்று அவர் கேட்டார். ராமாமணிக்குக் கோபம் முற்றினால் தமிழ் வந்துவிடும்.

“பீசா? அந்த மாஸ்டர் நாய் நம்ம புள்ள மேல கைய வெச்சிருக்குதுங்க.”

சென்னகேசவன் சுருட்டிய ஒயரை மறுபடி பிரித்தார். பிறகு மறுபடி சுருட்டினார். உடனே போலீசுக்குப் போகலாம் என்றாள் ராமாமணி. அவருக்கும் அதுதான் தோன்றியது, ஆனால் வாயில் வேறு வந்தது. “இதுக்குன்னே ஊர்ல ஒரு கமிட்டி இருக்குதில்ல? அவியகிட்டச் சொல்லாம நேரா ஸ்டேஷன்ல போய் நின்னா என்ன நெனைப்பாங்க?”

“என்னங்க நெனைப்பாங்க?”

அவர் ஒயரை ஆணியில் மாட்டினார். மறுநாள் காலை நாச்சியம்மாள் வீட்டுக்குப் போனார்.

நாச்சியம்மாள் டீச்சர் முதலில் காபி கொடுத்தார். காபி குடித்து முடிக்கும்வரை விஷயத்தை எடுக்க விடவில்லை. கேட்டதும் கண் கலங்கினார். அது நடிப்பில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, இதைப் புகாராகவா கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சென்னகேசவனுக்குப் புரியவில்லை.

“புகார் வேறைங்க கேசவன், வருத்தம் வேறைங்க. புகார்னு வந்துபோட்டா நாங்க மேல அனுப்பியே ஆகோணும். வருத்தம்னா நமக்குள்ளயே வெச்சுப் பேசிக்கலாம். வருத்தத்துக்குக் கேடயத்துல மார்க் கொறையாதுங்க.”

“புள்ள அழுகுதுங்க டீச்சர்.”

“அதேதானுங்க நானும் சொல்றேன். அழுகைன்னா வருத்தம்தானுங்களே?”

வெசனப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைக் கூட்டிவிடலாம் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். இடையில் சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் வகுப்பு நடந்தது. சென்னகேசவன் வீட்டைத் தாண்டித்தான் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் போனார்கள். ராமாமணி வெளியே வந்து, ஒரு பிள்ளையின் அம்மாவிடம் இன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு வாயெடுத்தாள். கமிட்டி கூடும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கணவர் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து, வெயிலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஆபீசில் கமிட்டி கூடியது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சென்ற கூட்டத்துக்கு நன்றி. பிறகு சென்னகேசவனைப் பேசச் சொன்னார்கள். அத்தனை பேருக்கு மைக் கொடுத்தவருக்கு மைக் இல்லாத அறையில் நாலு வாக்கியம் பேச வரவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார். அப்படி நடக்கவில்லை என்று யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் தலைகுனிந்துகொண்டார்கள். அந்தக் குனிவில் மரியாதை இருந்தது. ஸ்ரீனிவாஸ் எழுந்து கண்ணாடி அலமாரி அருகே போய் நின்றார்.

“கேசவன், நான் ஒன்னு கேக்கறேனுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தக் கேடயம் யாருக்குங்க? எனக்கா? எனக்கு மில்லு இருக்குது, தோட்டம் இருக்குது. இது புள்ளைகளுக்குங்க. புள்ளைகளுக்காக நாம பாடுபட்டு வாங்குன கேடயத்த, ஒரு புள்ளையே கெடுத்துப்போடலாமுங்களா?”

மௌனிகா மேடத்தை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். “நாங்க குழந்தைய நூறு சதவீதம் நம்பறோம் சார். மாஸ்டரையும் நூறு சதவீதம் நம்பறோம். நடுநிலைன்னா அதுதானே?” என்றார் அவர். கூட்டம் எதுவானாலும் இடமும் நேரமும் தெரியும்படி ஜியோ டேக் போட்டு நாலு போட்டோ அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னார்.

இரு தரப்பையும் வைத்துப் பேசுவது என்று முடிவானது. குழந்தையின் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. ஊருக்கு ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதால் விசாரணையைச் சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்வது என்றும் தீர்மானித்தார்கள். அப்படியானால் மைக் வேண்டும். எல்லோரும் சென்னகேசவனைப் பார்த்தார்கள்.

“எத்தன பாக்ஸ் வேணுமுங்க?” என்றார் அவர். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. அதற்குள் ‘நாலும் இருக்கட்டும்’ என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. மாஸ்டரை விசாரணைக்கு எப்படி அழைப்பது? போனில் கூப்பிட்டால் சம்மன் மாதிரி இருக்கும். ஆள் அனுப்பினால் அவமரியாதை. ஒருவரை ஊர்ப் பொது நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. நல்ல நாள் பார்த்ததில் புதன்கிழமை அமைந்தது. நடுவில் செவ்வாய் வந்தது. சாயங்காலம் வகுப்பு நடந்தது.

புதன்கிழமை காலை ஸ்ரீனிவாஸும் அவர் மனைவியும் நாச்சியம்மாளும் காரில் ஏறிய பிறகுதான், மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது நாச்சியம்மாளுக்கு நினைவு வந்தது. இன்னொருவர் வேண்டும். எதிரே டெம்போவில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். “கேசவன், ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்களே.” எங்கே என்று கேட்காமல் ஏறிவிட்டார். கார் மாஸ்டர் வீட்டு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. இறங்கும்போது யாரோ வாழைப்பழத் தட்டை அவர் கையில் கொடுத்தார்கள். ஆயிரம் விழாக்களில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பழகிய கை அது.

மாஸ்டர் எல்லோரையும் கும்பிட்டு உட்காரச் சொன்னார். தட்டை வாங்க வந்தவர் சென்னகேசவனைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்கண்ணா, பாப்பா மூணு கிளாஸா வரலைங்களே? ஒடம்பு செரியில்லைங்களா?”

சென்னகேசவன் தட்டைக் கொடுக்கவும் இல்லை, பின்னுக்கு இழுக்கவும் இல்லை. மாஸ்டர்தான் மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ராமாமணி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். கூப்பிட என்றார். யாரை என்று கேட்டாள். சொன்னார். அவள் தமிழுக்கும் வரவில்லை, தெலுங்கிலும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலமும் வகுப்பு நடந்தது.

டிசம்பர் முதல் தேதி ஞாயிறு காலை விசாரணை. விசாரணை என்ற சொல் கடுமையாக இருப்பதால் பேனரில் ‘நல்லிணக்கக் கலந்துரையாடல்’ என்று போட்டிருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. பெட்டிகளை இறக்கும்போது நாச்சியம்மாள் பதறி ஓடிவந்தார். நான்கு பெட்டியிலும் மஞ்சள் பெயின்ட்டில் சைதன்யா, சைதன்யா என்று இருந்தது. குழந்தையின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்களே. போன விழாவின் பேனரைக் கிழித்து நான்கு பெட்டிகளையும் மூடிக் கட்டச் சொன்னார். சென்னகேசவன் கட்டினார். இத்தனை வருஷமாகப் பார்த்த பெட்டியில் பெயரை எதற்கு மறைத்திருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கடவுள் வாழ்த்து முடிவதற்குள் எந்தக் குழந்தை என்பது கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு நன்மையும் நடந்தது. பேனரின் அடித்துண்டு பெண்கள் பக்கத்துப் பெட்டியில் வந்ததால், 1098 என்ற எண் முதல்முறையாக எல்லோர் கண்ணிலும் பட்டது.

ராமாமணி குழந்தையை அழைத்துவர மறுத்துவிட்டாள். பாதிக்கப்பட்ட தரப்பு ஒத்துழைக்கவில்லை என்று நாச்சியம்மாள் வருத்தத்துடன் அறிவித்தார். அதன் பிறகு மாஸ்டர் மேடைக்கு வந்தார். தட்டு வைத்துக் கூப்பிட்ட ஆளை வெறுமனே உட்காரவைப்பது முறையில்லை என்பதால் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒன்றில் வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி போர்த்தினார்கள்.

“எம்மேல ஒரு கொழந்தைக்கு வருத்தம்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலைங்க,” என்று மாஸ்டர் ஆரம்பித்தார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். “எங்கிட்ட வர்ற கொழந்தைகள்ல நான் வித்தியாசமே பாக்கறதில்லைங்க. பணக்கார ஊட்டுப் புள்ள, ஏழை ஊட்டுப் புள்ள, எல்லாரும் எனக்கு ஒன்னுதானுங்க. ஒரு கொழந்தைய எப்படி நடத்துனனோ, அப்படித்தானுங்க எல்லாக் கொழந்தையையும் நடத்தியிருக்கேன்.”

கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, வானத்தைப் பார்த்துவிட்டுப் போனவள்.

ஸ்ரீனிவாஸ் தீர்மானங்களை வாசித்தார். இனி இப்படி மனவருத்தங்கள் வராமல் தடுக்க, குழுவில் குறை கேட்கும் பிரிவு ஒன்று தொடங்கப்படும். குழந்தைகளோடு நெருங்கிப் பழகுபவர் என்ற முறையில் மாஸ்டரே அதற்குப் பொறுப்பேற்பார். சங்கடத்தை உரிய நேரத்தில் உதறத் தெரியாதது பயிற்சிக் குறைவையே காட்டுவதால்... இங்கே ஸ்ரீனிவாஸ் கனிவாகச் சென்னகேசவன் பக்கம் திரும்பினார்.

“...பேர் சொல்ல வேண்டாத அந்தக் கண்ணுக்கு, ஒரு வருசத்துக்கு மாஸ்டர்கிட்டயே இலவசப் பயிற்சி குடுக்கறதுன்னு கமிட்டி முடிவு செஞ்சிருக்குதுங்க.”

இந்த முறை கைதட்டல் பெரிதாக இருந்தது. அது அடங்கியபோது ஸ்ரீனிவாஸின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். மேடையோரம் வந்து, “கேசவன், கரண்ட் போயிருச்சுங்களா?” என்றார்.

“கரண்ட் இருக்குதுங்க.”

“அப்பறம்?”

“நானுதானுங்க நிறுத்துனேன்.”

“இன்னும் நன்றியுரை பாக்கி இருக்குதுங்களே?”

“நாங்க போலீஸ் ஸ்டேஷன் போறமுங்க.”

ஸ்ரீனிவாஸுக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் தெரிந்தது. “போங்க, வேண்டாங்கல. கூட்டம் முடிஞ்சு, சாப்ட்டுட்டுப் போலாமுங்களே?” என்றார். சென்னகேசவன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அவசரத்திலும் அதை அப்படியே விட்டுப் போக அவருக்குக் கை வரவில்லை. பெட்டிகளை டெம்போவில் ஏற்றும்போது மேலே கட்டியிருந்த பேனர் துண்டுகளை அவிழ்த்துக் கூடத்திலேயே போட்டார்.

வீட்டில் ராமாமணி கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கிளம்பலாமா என்று கேட்டார்.

“நான் அன்னிக்குச் செவ்வாக்கெழமையே கெளம்பிட்டனுங்க,” என்றாள்.

மூவரும் பஸ்ஸில் போனார்கள். மகளிர் காவல் நிலையத்தில் காபி கொடுக்கவில்லை, வரவேற்கவும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. அங்கே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் நடுவயதுப் பெண். அன்றைக்கு அது அவருக்கு எத்தனையாவது வழக்கோ, சலித்த முகத்தோடு உட்காரச் சொல்லி, ராமாமணி சொன்னதை முழுக்கக் கேட்டு எழுதினார். எப்போது தெரிந்தது என்று கேட்டார். நவம்பர் பத்தொன்பது என்றார் சென்னகேசவன். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“கமிட்டி பேசிட்டிருந்துச்சுங்க.”

“நீங்க?”

சென்னகேசவன் ராமாமணியைப் பார்த்தார். அவள் மகளின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “மைக் செட் போட்டேனுங்க,” என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அதை எழுதவில்லை.

மறுநாள் அவர் சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து சைதன்யாவிடம் பேசினார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு குழந்தைகளின் அம்மாக்கள் தனித்தனியாக நிலையத்துக்கு வந்தார்கள். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையே, கூட்டம் கலைவதற்கு முன்னால், 1098-ஐ அழைத்திருந்தாள். ரவிதேஜா மாஸ்டர் செவ்வாய்க்கிழமை கைது செய்யப்பட்டார். அன்று சாயங்காலம் வகுப்பு நடக்கவில்லை.

தெரிந்தும் தகவல் சொல்லாதது குறித்து ஸ்ரீனிவாஸையும் நாச்சியம்மாளையும் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். மறைக்கவே இல்லை, முறைப்படி கூட்டம் போட்டோம், போட்டோகூட இருக்கிறது என்றார் நாச்சியம்மாள். ஜியோ டேக் போட்ட நான்கு போட்டோக்களையும் போலீஸ் வாங்கி வழக்கில் சேர்த்துக்கொண்டது. குழு ஒரு கண்டனக் கூட்டம் நடத்தியது. அதற்கு மைக் செட் காரமடையிலிருந்து வந்தது.

2025 பிப்ரவரியில் கூட்டமைப்பின் ஆண்டு விழா நடந்தது. சின்னக்கரட்டுப்புதூரில் ஒரே ஆண்டில் மூன்று புகார்கள் பதிவாகிவிட்டதால், ‘புகாரில்லா ஊர்’ கேடயம் பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே வெள்ளிக்கிழமைதோறும் தற்காப்பு வகுப்பு எடுத்துவந்தவரும் ரவிதேஜா மாஸ்டர்தான். அந்த ஊரிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.